6 வோல்ற், 3 வாற்

அந்த டைனமோவின் உடம்பில் பொறித்திருந்தது இவ்வளவுதான்: மில்லர் என்ற பெயர், அதன் கீழே 6 வோல்ற், 3 வாற். பர்மிங்ஹாமில் செய்த சாமான். அது பூட்டியிருந்த றலி சைக்கிள் நொட்டிங்ஹாமில் செய்தது. இரண்டும் கப்பலேறிக் கொழும்புக்கு வந்து, யாழ்ப்பாணத்துக் கடையொன்றில் ஒன்றாகி, 1960களின் கடைசியில் என் அம்மப்பாவின் கைக்கு வந்தன. அவர் சைக்கிளை ரயிலில் ஏற்றிப் பரந்தன் ஸ்ரேசனில் இறக்கி, முல்லைத்தீவு வீதியால் விசுவமடுவுக்கு மிதித்துக்கொண்டு போனார். அங்கே காடு வெட்டிய காணித்துண்டு ஒன்று அவருக்குக் காத்திருந்தது. காணியோடு ஒரு பெயரும் கிடைத்தது: படித்த வாலிபர்.

டட்லி சேனநாயக்கவின் 1965–70 ஆட்சியில் விசுவமடு, முத்தையன்கட்டு போன்ற இடங்களில் வந்த குடியேற்றத் திட்டத்தின் பெயர் அது. பள்ளிக்கூடப் படிப்பை முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் நின்ற இளைஞர்களுக்கு வன்னியில் காணி. 1970க்குப் பிறகு சிறிமாவோ அரசு மிளகாய், வெங்காய இறக்குமதியை இறுக்கிப் பிடித்ததும் அந்தக் காணிகளில் காசு விளைந்தது. படித்த வாலிபரின் உழைப்பைப் பற்றி ஊரெல்லாம் பேச்சு.

அதே காணிகளில் அதே வயதுக்காரர் வேறு சிலரும் நின்றார்கள். மலையகத் தோட்டங்களில் பட்டினி வந்தபோது வன்னிக்கு இறங்கியவர்கள். பாத்தி கட்டியதும், கன்று நட்டதும், வெயிலில் நின்று பழம் ஆய்ந்ததும் பெரும்பாலும் அவர்களுடைய கைகள்தான். அம்மப்பாவுக்கும் அவருடைய காணியில் நின்றவருக்கும் வயது வித்தியாசம் சில மாதம். ஒருவருக்குப் பெயர் படித்த வாலிபர். மற்றவருக்கு, 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் பிறகு, நாடற்றவர். அம்மப்பா இதைத் தன் கடைசிக் காலத்திலும் சொல்லிச் சொல்லி வருந்துவார். தன் தலைமுறையைப் பற்றி யாராவது பெருமையாகப் பேசினால், "ஆற்றை தலைமுறை?" என்று இடையில் கேட்பார்.

டைனமோவுக்கு அப்போது ஒரு வேலைதான். இரவில் பன்றிக் காவலுக்கும் தண்ணீர் கட்டவும் போகிறவருக்கு வழி காட்டுவது. டைனமோ வெளிச்சத்தில் ஒரு வில்லங்கம் உண்டு. சில்லு சுற்றினால்தான் லைற் எரியும். யானை நிற்கிறதோ என்று பார்க்கச் சைக்கிளை நிறுத்தினால், பார்க்க வேண்டிய அந்த நேரத்தில்தான் இருட்டாகிவிடும். அம்மப்பா முன்சில்லைத் தூக்கிப் பிடித்துக் கையால் ஒரு சுழற்றுச் சுழற்றுவார். அந்தச் சில வினாடி வெளிச்சத்துக்குள் காட்டுக்கரையை ஒரு பார்வை பார்த்துவிட வேண்டும்.

1977இல் ஜே.ஆர். ஜெயவர்த்தன அரசு பொருளாதாரத்தைத் திறந்துவிட்டது. வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் வந்து விசுவமடுவின் விலை விழுந்தது. சில வருடத்தில் அம்மாவுக்குக் கல்யாணம் பேசியபோது கொடுக்கக் காசு இருக்கவில்லை. சைக்கிள் இருந்தது. அது மாப்பிள்ளையோடு வட்டக்கச்சிக்குப் போனது.

வட்டக்கச்சி இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வாழுகிற ஊர். கனகராயன் ஆற்றை மறித்து 1902இல் கட்டத் தொடங்கி 1920இல் முடித்த குளம் அது. பிறகு 1950களிலும் 1970களிலும் அணையை உயர்த்தினார்கள், போருக்குப் பிறகும் பெரிய அளவில் திருத்தினார்கள். காலபோகத்துக்கு மழை, சிறுபோகத்துக்குக் குளம். எந்த வருடம் எத்தனை ஏக்கருக்குத் தண்ணீர் என்று கமக்காரர் கூடி முடிவெடுக்கிற கூட்டத்தில்தான் அந்த ஊரின் மற்ற எல்லா முடிவுகளும் பிறக்கும். கல்யாணம், வீட்டுக்கு ஓடு போடுவது, பிள்ளையை யாழ்ப்பாணத்துக்குப் படிக்க அனுப்புவது எல்லாமே அந்த வருடத்துச் சிறுபோகத்தைப் பார்த்துத்தான்.

அப்பா 1960இல் பிறந்தவர். அவருடைய வயதுக்காரர்களை ஊர் அழைத்த பெயர் பொடியள். பல்கலைக்கழக அனுமதியில் வந்த தரப்படுத்தலால் இடம் கிடைக்காமல் போனவர்கள், 1983 ஆடிக் கலவரத்துக்குப் பிறகு ஆயுத இயக்கங்களுக்குப் போனவர்கள். அந்தப் பெயருக்குள் பாசமும் இருந்தது, பயமும் இருந்தது. ஆனால் அப்பா எந்த இயக்கத்துக்கும் போகவில்லை. நெல் விதைத்தார். சோதனைச் சாவடியில் அடையாள அட்டையைப் பார்க்கிறவனுக்கு அது தெரியாது. அவனுக்குத் தெரிந்தது பிறந்த வருடம் மட்டும். அந்த வருடத்துக்காக அப்பாவை இறக்கி வெயிலில் முழங்காலில் இருத்தியிருக்கிறார்கள். பிறந்த ஆண்டை வைத்து ஆளை அளக்கிற எந்த முறையையும் நான் சந்தேகத்தோடு பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

1990 ஆனியில் சண்டை மறுபடி தொடங்கியது. வடக்குக்கு வந்த மின்சாரம் நின்றது. எங்கள் வீட்டுக்கு அதற்கு முன்பும் கரண்ட் வந்ததில்லை. எங்களுக்கு நின்றது மண்ணெண்ணெயும் பற்றறியும். எனக்கு அப்போது 2 வயது. ஆகவே பொருளாதாரத் தடை என்பது எனக்கு ஒரு மாற்றமாகத் தெரிந்ததேயில்லை. உலகம் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்து வளர்ந்தேன். பற்றறி, பெற்றோல், உரம், சீமெந்து என்று ஒரு பட்டியலே தாண்டிக்குளம் சோதனைச் சாவடிக்கு இங்கால் வராது. வந்தால் விலை வாயில் வைக்க ஏலாது.

படிப்பதற்கு ஜாம் போத்தல் விளக்கு. போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, பஞ்சு நனையும் அளவுக்கு மண்ணெண்ணெய், சைக்கிள் ரியூபின் பழைய வால்வுக்குள் நூல்திரி, அதைத் தாங்க ஒரு கம்பி. திரி போத்தலுக்குள்ளேயே நின்று எரியும். காற்று அணைக்காது, எண்ணெயும் மெல்லத்தான் குறையும். என் வயதுள்ள வன்னிப் பிள்ளைகள் எல்லாரும் அதற்குப் பக்கத்தில் குனிந்துதான் எழுத்துக் கூட்டினோம்.

றேடியோ கேட்பதற்கு டைனமோ. இதை அப்பா எப்படிச் செய்தார் என்று எனக்கு இப்போதும் கையால் செய்து காட்டத் தெரியும். முன் கவரிலிருந்து டைனமோவைக் கழற்றிப் பின்சில்லுப் பக்கம் பூட்டுவார். சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றினால் பின்சில்லு நிலத்தில் படாமல் சுற்றும். டைனமோவிலிருந்து வருவது மாறி மாறி ஓடுகிற மின்சாரம். றேடியோவுக்குத் தேவை ஒரே திசையில் ஓடுவது. அதற்காக ஊரில் றேடியோ திருத்துகிறவர் நாலு டயோட்டையும் ஒரு கொண்டென்சரையும் சவர்க்காரப் பெட்டிக்குள் வைத்துச் சூடுபிடித்துக் கொடுத்தார். பெட்டியிலிருந்து வரும் இரண்டு வயரையும் பற்றறி போடுகிற இடத்தில் கொழுவினால் போதும். டைனமோவின் தலை ரயரின் கன்னத்தில் உரசித்தான் சுற்ற வேண்டும். அந்த உரசலில் ரயர் தேயும். ரயருக்கும் தட்டுப்பாடு. அதனால் அப்பா பழைய ரியூபில் ஒரு வளையம் வெட்டி டைனமோவின் தலைக்குத் தொப்பியாகப் போட்டிருந்தார்.

மிதிப்பது பிள்ளைகளின் வேலை. பெடல் எனக்கு எட்டாத வயதில் கையாலேயே சுற்றுவேன். பி.பி.சி. தமிழோசை அரை மணி நேரம். லண்டனிலிருந்து 1941இல் தொடங்கி 2017 வரை நடந்த அந்த ஒலிபரப்பைக் கேட்டவர்கள் உலகமெங்கும் இருந்திருப்பார்கள். ஒவ்வொரு வசனத்துக்கும் உடம்பால் விலை கொடுத்துக் கேட்டவர்கள் நாங்கள்தான். மணிலாவிலிருந்து வெரித்தாஸ் வரும். பக்கத்திலேயே இருந்து புலிகளின் குரல் வரும். முற்றத்தில் ஏழெட்டு வீட்டுச் சனம் நிலத்தில் இருக்கும். மிதி தளர்ந்தால் செய்தி மங்கி இரைச்சலாகும். செய்தியில் எங்களுக்குத் தெரிந்த ஊர்ப்பெயர் ஒன்று வந்துவிட்டால், "விடாதை, மிதி, மிதி" என்று எல்லாரும் ஒன்றாகக் கத்துவார்கள். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் விழுந்த குண்டைப் பற்றி லண்டன் சொல்வதைக் கேட்க, நான் மூச்சு வாங்க மிதித்திருக்கிறேன்.

செய்தி முடிந்த பிறகு சில நாள் கசற் போடுவோம். அது வேறு சந்தோசம். றேடியோ மங்கத்தான் செய்யும், கசற் இழுபடும். அக்கா வேண்டுமென்றே மெல்ல மிதிப்பாள். எஸ்.பி.பி.யின் குரல் நீண்டு கனத்துக் கிணற்றுக்குள் போகும். பிறகு கண்மண் தெரியாமல் மிதிப்பாள், அதே பாட்டு கிளிக்குஞ்சு மாதிரிக் கீச்சிடும். பெரியவர்கள் ஏசுவார்கள். நாங்கள் வயிறு நோகச் சிரிப்போம். போர்க்காலப் பிள்ளைகள் என்று எங்களுக்கு யாரோ பெயர் வைத்து எழுதுகிறபோது இந்தச் சிரிப்பு அதற்குள் எங்கே இருக்கிறது என்று தேடுவேன். அது கிடைப்பதில்லை.

1996இல் சத்ஜெய நடவடிக்கையில் கிளிநொச்சி படையினர் கையில் போனது. செல் வட்டக்கச்சிக்கும் வந்தது. சைக்கிள் விசுவமடுவுக்குத் திரும்பியது. இம்முறை கரியரில் அரிசி மூட்டை, பாரில் நான், ஹாண்டிலில் பானை சட்டி. அம்மப்பாவின் காணியில் ஒரு தறப்பாள் கொட்டில். அடுத்து வந்த ஜெயசிக்குறு படை நடவடிக்கைக் காலம் முழுக்க அங்கேதான். அங்கிருந்துதான் புலமைப்பரிசில் பரீட்சை எழுதப் போனேன். 1998 புரட்டாதியில் புலிகள் கிளிநொச்சியை மீட்டார்கள். பிறகு ஊருக்குத் திரும்பினோம்.

2002 சமாதானத்தோடு ஏ9 பாதை திறந்தது. வவுனியாவிலிருந்து லொறி லொறியாகப் பற்றறி வந்தது. அப்பா அதே கிழமை டைனமோவைக் கழற்றி, வயரைச் சுற்றி, சமையலறைக் கைமரத்தில் ஒரு ஆணியில் மாட்டினார். ரயர் தேய்வது மிச்சம் என்றார். அந்த முடிவினால்தான் டைனமோ பிழைத்தது.

சைக்கிள் பிழைக்கவில்லை. 2009 தை 2இல் கிளிநொச்சி விழுந்தது. நாங்கள் கிழக்கே நடந்தோம். தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, இரணைப்பாலை, மாத்தளன், முள்ளிவாய்க்கால். றலி அவ்வளவு தூரமும் வந்தது. அதில் யாரும் ஏறி ஓடவில்லை, தள்ளிக்கொண்டுதான் போனோம். அம்மப்பா மாத்தளனில் போய்விட்டார். சித்திரை முடிய முன்னமே பின்சில்லு வளைந்துவிட்டது. அப்படியும் தள்ளினோம். வைகாசியில் வட்டுவாகல் பாலத்தடியில் அதை விட்டுவிட்டு, அக்காவின் 2 வயதுப் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு கடந்தோம். பல வருடம் கழித்து அந்தப் பக்கம் போனவர்கள், குவியல் குவியலாகத் துருப்பிடித்த சைக்கிள்களைப் பார்த்ததாகச் சொன்னார்கள். அப்பா ஒருநாளும் பார்க்கப் போகவில்லை.

பாலம் கடந்தபின் எங்களை அடைத்து வைத்திருந்த செட்டிகுளம் முகாமிலிருந்து 2010இல் வட்டக்கச்சிக்கு விட்டார்கள். ஓடு இல்லை, கதவு இல்லை, கைமரமும் இல்லை. சமையலறை இருந்த இடத்தில் பற்றை வெட்டும்போது மண்ணுக்குள் டைனமோ கிடைத்தது. வயர் அறுந்திருந்தது. பழைய இரும்பு வியாபாரம் ஊர் ஊராக மும்முரமாக நடந்த காலம் அது. எப்படித் தப்பியதோ தெரியாது. அப்பா அதை மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவினார். தலையைக் கையால் சுற்றிப் பார்த்தார். சுற்றியது.

அதே வருடம் எனக்குப் புதுப் பெயர்கள் வந்தன. மீள்குடியேறியவர். போரால் பாதிக்கப்பட்ட இளைஞர். உதவிப் படிவங்களில் அவற்றுக்குத் தனித்தனிக் கட்டம். நான் கட்டத்தில் சரி போட்டேன், கோழிக்கூடு கிடைத்தது. அதில் எனக்குக் குறையில்லை. சில வருடம் கழித்து வேலை கிடைத்து, வவுனியாவில் ஒரு பயிற்சிப் பட்டறைக்குப் போனபோதுதான் உண்மையில் திகைத்தேன். பயிற்சி தர வந்தவர் திரையில் ஒரு அட்டவணையைக் காட்டினார். 1981 முதல் 1996 வரை பிறந்தவர்கள் மிலேனியல்கள். இவர்கள் இன்ரநெற்றோடு வளர்ந்தவர்கள், பெற்றோரால் செல்லமாக வளர்க்கப்பட்டவர்கள், வேலையை அடிக்கடி மாற்றுகிறவர்கள். நான் 1988. என் பக்கத்தில் இருந்தவரும் அந்த அட்டவணைக்குள்தான் வந்தார். அவர் ஒரு கால் இல்லாதவர்.

அந்த அட்டவணை எங்கிருந்து வந்தது என்று பிறகு தேடிப் படித்தேன். மிலேனியல் என்ற பெயரை அமெரிக்காவில் ஸ்ட்ராஸ், ஹாவ் என்ற இருவர் 1991இல் வந்த தங்கள் புத்தகத்தில் வைத்தார்கள். அமெரிக்க வரலாற்றை வைத்து அமெரிக்கர்களுக்காக எழுதிய புத்தகம். 1996 என்ற எல்லைக்கோட்டைப் போட்டது பியூ ஆய்வு மையம். அதுவும் அமெரிக்க நிறுவனம். 2021இல் பிலிப் கோஹன் என்ற சமூகவியலாளர் தொடங்கி 150க்கு மேற்பட்ட ஆய்வாளர்கள் பியூவுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள்: இந்தப் பெயர்களுக்கு விஞ்ஞான அடிப்படை இல்லை, விட்டுவிடுங்கள் என்று. 2023இல் பியூவும் இனி இவற்றைக் கவனமாகத்தான் பயன்படுத்துவோம் என்றது. அந்தக் கவனம் வவுனியாப் பட்டறைக்கு இன்னும் வந்து சேரவில்லை.

இவர்களுக்கெல்லாம் முன்னமே, 1928இல், கார்ல் மன்ஹைம் என்ற சமூகவியலாளர் தலைமுறை பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். 1800ஆம் ஆண்டளவில் சீனாவில் இளைஞனாக இருந்தவனும் ஜெர்மனியில் இளைஞனாக இருந்தவனும் ஒரே வயது என்பதற்காக ஒரே தலைமுறை ஆகிவிட மாட்டார்கள் என்பது அதில் அவர் சொன்ன ஒரு விசயம். ஒரே வரலாற்றுச் சுழலில் ஒன்றாக அகப்பட வேண்டும். இதைப் படித்தபோது எனக்கு அம்மப்பாவின் "ஆற்றை தலைமுறை?" நினைவுக்கு வந்தது. இரண்டு பேரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார்கள்.

தமிழ்நாட்டிலிருந்து வந்த 90ஸ் கிட்ஸ் என்ற பெயர் இன்னும் கிட்டத்தில் வந்து தொட்டது, ஏனென்றால் அது என் மொழியில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை சக்திமான், கேபிள் ரி.வி., கசற்றைப் பேனையால் சுற்றுவது. முதல் இரண்டும் எனக்குத் தெரியாது. மூன்றாவதைப் பார்த்ததும் துள்ளினேன், நானும் சுற்றியிருக்கிறேன். ஆனால் அந்தப் படத்தைப் பகிர்ந்து சிரிக்கிறவர்களுக்கு அது ஒரு விளையாட்டு. எங்களுக்கு அது கணக்கு: பின்னுக்குச் சுற்றுவதற்காக யாரும் சைக்கிள் மிதிக்க முடியாது. ஒரே சாமான், ஒரே வருடம். கடல் 30 கிலோமீற்றர்தான். ஆனாலும் நாங்கள் அவர்களுடைய தலைமுறை இல்லை.

வட்டக்கச்சியில் வயதைக் கேட்டால் சனம் இப்படித்தான் சொல்லும்: அவன் சத்ஜெய இடப்பெயர்வுக்கை பிறந்தவன், இவள் ஏ9 திறந்த வருசத்துப் பிள்ளை, அந்தத் தம்பி குளம் வான் பாய்ஞ்சு வெள்ளம் வந்த மார்கழியிலை கைக்குழந்தை. இந்தக் கணக்கில் 16 வருட அட்டவணை கிடையாது. மூன்று வருட வித்தியாசத்தில் தலைமுறையே மாறிவிடும். 2009இல் 15 வயதாக இருந்தவனும் 12 வயதாக இருந்தவனும் கடந்து வந்தவை ஒன்றல்ல. வன்னித் தாய்மாருக்கு அந்த மூன்று வருடத்தின் எடை தெரியும். அதேநேரம் 50 வருட இடைவெளியுள்ள இருவர் ஒரே காலத்து ஆட்களாக இருப்பதும் உண்டு. ஒரே இருட்டில் ஒரே சில்லைச் சுழற்றிய அம்மப்பாவையும் என்னையும் பிரித்து வைக்கிற பெயரை நான் எப்படி ஏற்பது?

2022இல் நாடு முழுக்க எரிபொருள் இல்லை. பங்குனி முடிவில் ஒரு நாளைக்கு 13 மணி நேர மின்வெட்டு. கொழும்பில் சைக்கிள் விலை ஏறியது. தெற்கில் இருந்த கூட்டாளிகள், இப்படியொரு காலத்தை எங்கள் தலைமுறை கண்டதில்லை என்று எழுதினார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, அவர்களுடைய துன்பமும் பொய்யில்லை. எங்கள் வீட்டில் அப்பா எழும்பிப்போய் டைனமோவை எடுத்து வந்தார். வட்டுவாகலைத் தோளில் கடந்த அந்த மருமகளுக்கு அப்போது 15 வயது. மின்காந்தத் தூண்டல் அவளுக்குப் புத்தகப் பாடம். நாலு டயோட், ஒரு கொண்டென்சர், 5 வோல்ற்றுக்கு இறக்குகிற ஒரு சின்னச் சிப். மீள்குடியேற்றத்தில் கிடைத்த லுமாலாச் சைக்கிளில் பூட்டி, போனுக்குச் சார்ஜ் ஏற்றினாள். அப்பா ரியூப் வளையம் வெட்டிக் கொடுத்தார். தாத்தாவும் பேத்தியும் அன்று முழுக்க ஒருவர் பேச்சை ஒருவர் விளக்கம் கேட்காமல் விளங்கிக்கொண்டார்கள்.

ஆனால் அவளுக்கு என் கோபம் விளங்கவில்லை. 2024இல் வங்காளதேசம், 2025 புரட்டாதியில் நேபாளம் என்று ஜென் ஸீ இளைஞர் வீதிக்கு இறங்கியபோது, அவள் அந்தப் பெயரைத் தன் பெயராகவே எடுத்துக்கொண்டாள். காத்மண்டுப் பிள்ளைகள் கேட்ட கேள்வியைத்தான் தானும் கேட்பதாகச் சொல்கிறாள். நான் மன்ஹைமைச் சொன்னேன், அம்மப்பாவைச் சொன்னேன், அட்டவணை வந்த கதையைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "உங்களுக்கு வைச்ச பேர் எல்லாம் மற்ற ஆக்கள் வைச்சது, மாமா. இது நான் எடுத்தது."

அதற்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை. அவளுடைய போனில் காத்மண்டுச் செய்தி அந்த நிமிடமே வருகிறது. மன்ஹைம் சொன்ன ஒரே சுழல் அதுவாகவும் இருக்கலாம். ஆனால் 2009 வைகாசியில் அவள் என் தோளில் இருந்ததை எந்தக் காத்மண்டுப் பிள்ளையும் அறியாது. அந்த நாள் அவளுக்கே நினைவில் இல்லை.

இப்போது அவள் ஒரு வேலை தொடங்கியிருக்கிறாள். சனி ஞாயிறில் வட்டக்கச்சி, இராமநாதபுரம் பக்கம் வீடு வீடாகப் போய், தடைக்காலத்தில் டைனமோவை எதற்கெல்லாம் பாவித்தீர்கள் என்று கேட்டுப் போனில் பதிகிறாள். பலர் றேடியோ என்கிறார்கள். ஒரு அம்மா மட்டும் வேறு கதை சொன்னார்: பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு இரவில் வலி கண்டபோது, மருத்துவிச்சிக்கு வெளிச்சம் பிடிக்க விடியும்வரை அவருடைய இரண்டு மகன்மாரும் மாறி மாறி மிதித்தார்களாம். அந்தப் பிள்ளை இப்போது ரொறன்ரோவில் லொறி ஓட்டுகிறார். மருமகள் நம்பர் வாங்கியிருக்கிறாள், வருகிற கிழமை அவரிடமும் கேட்கப் போகிறாள்.